நாலு மணி நிழல்

"உண்மையச் சொல்லு. ஆனா கொஞ்சம் பாத்துச் சொல்லு."

மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அண்ணன் இப்படித்தான் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறவரிடம் என்னத்தைச் சொல்வது? ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. இன்னும் கட்டாத வீடு, கட்டி முடித்தபின் வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று கணினியில் படமாகச் செய்து கொடுப்பது என் பிழைப்பு. சாலையோர விளம்பரப் பலகைகளில் மாலை வெளிச்சத்தில் மினுக்கிக்கொண்டு நிற்கிற வீடுகளில் சில என் கைவேலை. எனக்கு வாய் நீளம், பொறுமை குறைவு. அது அண்ணனுக்கும் தெரியும். தெரிந்தேதான் பீடோரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

படத்தில் இருந்தது ஒரு கோயில். நாங்கள் கிறிஸ்தவர்கள், மாதா கோயிலைத்தான் சொல்கிறேன். பீடோருக்கு உள்ளே நாங்கள் பிறந்த தோட்டத்தில் ஒரு பலகைக் கோயில் இருந்தது. ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தபோது லயத்து வீடுகள் இடிபட்டன, சனங்கள் பக்கத்துத் தாமானில், அந்தப் புதுக் குடியிருப்பில், தொடர்வீடுகளுக்குக் குடிபோனார்கள், கோயில் கறையான் பிடித்துச் சாய்ந்தது. இப்போது தோட்டத்து நிர்வாகம் அதே இடத்தில் ஒரு துண்டு நிலத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. கட்டட வரைபடம் தயார். அது கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் படத்தை அண்ணன் செய்வதாக ஏற்றுக்கொண்டிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது.

அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்தவர். ஒப்பந்தம் முடிந்து வீட்டில் உட்கார்ந்தபோது, நான் செய்கிற வேலையைக் காணொளி பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கச்சியிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று இருந்திருக்கும். இதுதான் அவருடைய முதல் படம்.

பார்த்தேன். கோயில் தரையில் நிற்கவில்லை, தரைக்குக் கொஞ்சம் மேலே மிதந்தது. சுவர் வெயிலில் வெளுத்துப்போய் ஒரு காகிதத்தைக் கத்தரித்து ஒட்டியது போல இருந்தது. கதவு இருந்த உயரத்துக்கு முன்னால் நின்றவர்கள் பிள்ளைகளாகத் தெரிந்தார்கள். அந்த ஆட்களும் இலவசமாகக் கிடைக்கும் வெளிநாட்டு ஆட்கள். ஒருவர் கம்பளிக் கோட்டுப் போட்டிருந்தார். பீடோரில், கம்பளிக் கோட்டு! வானத்தில் சூரியன் ஒரு பக்கம் இருக்க, நிழலும் அதே பக்கம் விழுந்திருந்தது.

ஆனால் கோயிலுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் நின்றன. அந்த மரங்களை என்னவென்று சொல்வேன்? பட்டையில் சாம்பல் பூத்த திட்டுகள், இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும் வெட்டு, வெட்டின் முனையில் தகரம், தகரத்துக்குக் கீழே கம்பியில் உட்கார்ந்த மங்குக் கிண்ணம், அதில் பால். ஒவ்வொன்றையும் அவரே உருவாக்கியிருந்தார். கோயிலைப் பார்க்க வந்த என் கண் நேராக மரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. வேலை தெரிந்தவளுக்கே அப்படி என்றால் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. கோயில் படத்தில் கோயிலை யாரும் பார்க்கப் போவதில்லை.

"மரம் நல்லா இருக்குண்ணே" என்றேன்.

"கோயிலு?"

"குறிச்சு அனுப்புறேன்."

அண்ணன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அன்று மாலையே அண்ணி கூப்பிட்டார். அண்ணி சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"பாரும்மா, நான் ஒளிவு மறைவு இல்லாம சொல்லிட்டேன் அவருக்கிட்ட. ஈப்போவுல தாமான் கேட்டுல கார்டு வேலை ரெடியா இருக்கு. யூனிபோர்மும் வாங்கி வச்சாச்சு. கதவுக்குப் பின்னாடி பிளாஸ்டிக்கோட தொங்குது. கமிட்டி இந்தப் படத்த எடுத்துக்கிட்டா, கட்டுற காண்ட்ராக்டரு தன்னோட வீட்டுப் படமெல்லாம் இவருக்கே தாரேன்னு சொல்லியிருக்காரு. எடுத்துக்கலன்னா திங்கக்கிழமை யூனிபோர்ம மாட்டிக்கிட்டுப் போவணும். அவரும் சரின்னுட்டாரு. நீ பாவம் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிடாதே. அங்க போயி நாலு பேரு முன்னால அசிங்கப்பட வேணாம்லா."

வாசலில் காவல் நிற்கும் கார்டு வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த உடுப்பை ஒரு முறை மாட்டினால் அண்ணன் அந்த மடிக்கணினியை அதற்குப் பிறகு திறக்க மாட்டார். அவர் குணம் அப்படி. பாதியில் விட்டதைத் திரும்பித் தொட்டு நான் பார்த்ததில்லை. அண்ணி சொன்னதில் தவறும் இல்லை. வீட்டை ஓட்டுகிறவர் அவர்.

சரி, பாவம் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தேன். படத்தை என் திரையில் போட்டேன், சிவப்புப் பேனாவை எடுத்தேன். கதவுக்கு ஒரு வட்டம், கோட்டுக்காரருக்கு ஒரு வட்டம், சூரியனுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று. மழைத்தண்ணீர் இறங்கக் குழாய் எங்கே? கால்வாய் எங்கே? கேமரா ஏன் பனைமர உயரத்தில் இருக்கிறது, பார்க்கிறவன் என்ன பறவையா? புல் ஏன் பந்தாட்ட மைதானம் மாதிரி இருக்கிறது? கடைசியில் ரப்பர் மரங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய வளையம் போட்டு, "இது இங்கே இல்லை. எடுத்துவிடவும்" என்று எழுதி அனுப்பினேன். படத்தில் கோயிலை விடச் சிவப்புதான் அதிகம் இருந்தது. ஒன்றுகூடத் தவறான குறிப்பு இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

மறுநாளும் பதில் இல்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் அண்ணிதான் எடுத்தார்.

"என்னம்மா அனுப்பின? கம்ப்யூட்டர மூடி வச்சவருதான். தொடவே இல்ல. முன்னால ரூமுல உக்காந்து டிவிய வெறிக்கிறாரு. டிவி ஓடவே இல்ல."

"நீங்கதானே அண்ணி பாவம் பாக்காதேன்னீங்க?"

"பாவம் பாக்காதேன்னா கொன்னுடுன்னா அர்த்தம்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணியிடமும் கோபம், அண்ணனிடமும் கோபம். சொல்லாவிட்டாலும் குற்றம், சொன்னாலும் குற்றம். என்னிடம் எத்தனை பேர் படம் கொடுத்துத் திட்டு வாங்கியிருக்கிறார்கள், நானே எத்தனை பேரிடம் வாங்கியிருக்கிறேன். இந்தத் தொழிலில் யாராவது டிவி முன்னால் போய் உட்கார்கிறார்களா? அப்படி எல்லாம் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே கார் சாவியை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நாட்கள் அதிகம் இல்லை.

பீடோரில் அண்ணன் வீட்டு வாசலில் நின்றபோது பிற்பகல். முன் அறைக் கதவுக்குப் பின்னால் அந்த யூனிபோர்ம் தொங்கியது. வெளிர் நீலச் சட்டை, தோளில் பட்டை. கதவு அசையும்போதெல்லாம் பிளாஸ்டிக் சரசரவென்று சத்தம் போட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார், "சாப்ட்டியா?" என்று கேட்டார், திரும்பிக்கொண்டார்.

"வாங்கண்ணே, இடத்தப் பாத்துட்டு வருவோம்" என்றேன்.

"எதுக்கு? பாத்து வளந்த இடம்தானே."

"எனக்குப் பாக்கணும். வழி மறந்துபோச்சு."

பொய்தான். செம்பனைக்கு நடுவே செம்மண் பாதையில் காரை ஓட்டிப்போனேன். கோயில் இருந்த இடத்தில் பழைய சிமெண்டுப் படிகள் மட்டும் பாக்கி. படியில் பாசி. பின்னால் செம்பனை, அடர்ந்து, இருண்டு, வானம் தெரியாமல். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. அண்ணன் படத்தில் நட்ட இடத்தில் பனை மட்டை குவித்து வைத்திருந்தார்கள்.

நான் அதைப் பார்ப்பதை அண்ணன் பார்த்தார்.

"தெரியும்லா எனக்கு" என்றார். "மரம் இல்லன்னு தெரியாமலா வச்சேன்? நீ ஒரே வட்டமா போட்டுட்ட. அந்த மரத்துக்கு நான் எத்தன வாரம் உக்காந்தேன்னு உனக்குத் தெரியுமா? அதுல ஒண்ணையாவது கிட்ட வந்து பாத்தியா?"

"பாத்தேன். நல்லா இருக்குன்னுதான சொன்னேன்."

"அது சொல்றதுக்குச் சொன்னது."

வாய் வரை வந்த பதிலை விழுங்கினேன். எனக்கு அது எளிதான காரியம் இல்லை. மறுபடியும் கம்பளிக் கோட்டையும் குழாயையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவர் அப்படியே நடந்து தாமானிலுள்ள தன் வீட்டுக்குப் போய்விடுவார் என்று தெரிந்தது. அந்தச் சிவப்பு வட்டங்களில் எதைச் சரி செய்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்று யோசித்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க படத்துல இப்ப மணி என்ன?"

"என்ன கேள்விலா இது?"

"சொல்லுங்க."

"காலைல பத்து. காணொளில அப்படித்தான் சொல்லிக் கொடுத்தான். முகப்பு மேல நல்லா வெளிச்சம் அடிக்கணும்னு."

"காலைல பத்து மணிக்கு நம்ம கோயில யாரு பாத்தா?"

எங்கள் தோட்டத்துக்குப் பாதர் மாதம் ஒரு முறைதான் வருவார். காலைப் பூசை டவுனில், அப்புறம் வரிசையாக மற்றத் தோட்டங்கள், கடைசியில் நாங்கள். எங்கள் பூசை எப்போதும் பின்னேரம் நாலு மணிக்கு. வாரநாள் காலையில் எல்லாரும் வெட்டுக்காட்டில் பால் எடுத்துக்கொண்டிருப்பார்கள், ஞாயிறு காலையில் பீடோர் பாசாரில் சாமான் வாங்கிக்கொண்டிருப்பார்கள். காலை வெயிலில் அந்தக் கோயிலின் முகத்தைப் பார்த்தவர் யாரும் கிடையாது. அப்போது அது பூட்டிக் கிடக்கும்.

அண்ணன் படிகளுக்கு முன்னால் போய் மேற்கே பார்த்து நின்றார். செம்பனை உச்சிக்கு மேலிருந்து வெயில் நேராக முகத்தில் அடித்தது. கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டார்.

"இங்கதான் நிப்போம்" என்றார். "பாதரு காடியில வந்து எறங்குற வரைக்கும்."

"வெயில்லயா?"

"வெயில் எங்க? வெயிலு கோயிலுக்குப் பின்னால போயிருக்கும்லா. நிழலு இது வரைக்கும் வரும்." செருப்பால் செம்மண்ணில் ஒரு கோடு இழுத்தார். கோடு நீளமாகப் போனது. "ஆம்பளைங்க இந்தப் பக்கம். பொம்பளைங்க பாயப் போட்டு அந்தப் பக்கம். நிழல விட்டு ஒருத்தரும் வெளிய நிக்க மாட்டாங்க."

"அதச் செய்யுங்க" என்றேன்.

"முகப்பு இருட்டாயிடுமே."

"ஆகட்டும். கதவத் தொறந்து வச்சு உள்ள விளக்கப் போடுங்க. நிழல்ல நிக்கிறவங்களுக்கு வாசல் வெளிச்சமா தெரியும்."

அவர் அந்தக் கோட்டைச் செருப்பால் இன்னும் கொஞ்சம் நீட்டினார். பிறகு, "மரம்?" என்றார்.

"மரத்தப் பத்தி நான் பேசல."

"பேசுலா."

"பேசல."

வீட்டுக்குத் திரும்பியதும் மடிக்கணினியைத் திறந்தார். அடுத்த நாட்களில் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். ஒரு முறை கூப்பிட்டால் ஒரு குறைதான் சொல்வது. அதையும் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லாமல், எப்படிச் சரி செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்வது. கேமராவை ஆள் கண் உயரத்துக்கு இறக்குங்க, அது போதும், வைக்கிறேன். அப்புறம் கதவு. அப்புறம் சுவர் தரையைத் தொடுகிற இடத்தில் செம்மண் தெறித்த கறை. வாயைக் கட்டிக்கொண்டிருந்ததில் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. கோட்டுக்காரரை அண்ணன் தானாகவே தூக்கிவிட்டார். தாமானில் அக்கம்பக்கத்தாரை நிற்க வைத்துக் கைப்பேசியில் படம் பிடித்து, அவர்களையே நிழலில் நிறுத்தினார். அண்ணியைக் கேட்டபோது, "எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லி உள்ளே போய்விட்டாராம். அண்ணி அதுவரை திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து நான் நேராகப் பீடோருக்குப் போனேன். கணினி வெயிலையும் நிழலையும் கணக்குப் போட்டுக் கடைசிப் படத்தைக் கொடுக்க நேரமாகும். அண்ணன் விடிந்ததும் ஓடவிட்டிருந்தார். நான் போனபோது பாதிகூட வரவில்லை. மடிக்கணினியின் அடியில் இரண்டு புத்தகங்கள், பக்கத்தில் மேசை மின்விசிறி, தொட்டால் கை சுட்டது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டதாம். பிளக்கைப் பிடுங்கினால் அணைந்துவிடும். வெளியே மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பீடோரில் இடி இடித்தால் கரண்டு போகும். கரண்டு போனால் எல்லாம் போகும்.

"ஏன் இவ்வளோ நேரம் எடுக்குது?" என்றார் அண்ணன்.

எனக்குக் காரணம் தெரிந்தது. அவருக்கும் தெரியும். ரப்பர் மரங்கள் இன்னும் கோயிலுக்குப் பின்னால் நின்றன. அவற்றை மறைத்துச் செம்பனை வைத்திருந்தார், அதற்குப் பின்னால் ரப்பரையும் விட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு இலைக்கும் கணினி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. படத்தில் அவை தெரியக்கூட இல்லை. தெரியாத இலைக்கெல்லாம் பாவம், அந்தக் கணினி மூச்சு வாங்கியது.

முதல் இடி இடித்தது. விளக்கு ஒரு தரம் மினுங்கிவிட்டு மறுபடி எரிந்தது. அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். கதவு காற்றில் ஆட, யூனிபோர்ம் சரசரத்தது.

சுட்டியை நான் எடுத்திருக்கலாம். ஒரு நொடி வேலை. கை கிட்டே போயும் விட்டது. போன கையை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். இந்த மனிதர் எனக்கு முன்னால் அழுதால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

அண்ணன் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். மரங்களின் வரிசையைத் தேர்ந்தெடுத்தார். எல்லா மரங்களும் திரையில் ஒன்றாக ஒளிர்ந்தன. கொஞ்சம் அப்படியே பார்த்தார். பிறகு அழித்தார். மறைத்து வைக்கவில்லை, அழித்தே விட்டார். மறுபடி ஓடவிட்டு எழுந்து போய் முகம் கழுவினார்.

படம் வந்து முடிந்தபோது அண்ணி உட்பட எல்லாரும் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. சட்டைக்குள் பெண்டிரைவைப் போட்டுக்கொண்டு அண்ணன் காரில் ஏறினார். படத்தை முழுசாக நின்று பார்க்க எங்கள் இருவருக்குமே நேரம் இருக்கவில்லை.

தாமான் பாலாய் ராயாவில் கூட்டம். ஊர்ப் பொது மண்டபம் அதுதான். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் வெள்ளைத் துணி. பாதரும் காண்ட்ராக்டரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நுழையும்போதே கமிட்டிச் செயலாளர் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் படம் பாக்குறதுக்கு முந்தி இத ஒருக்கா பாருங்க. எம் மகன் கம்ப்யூட்டருக்கிட்ட ரெண்டு வரி எழுதிக் கேட்டான். அதுவே வரைஞ்சு கொடுத்திருச்சு. ஓசிதான்."

துணியில் ஒரு கோயில் விழுந்தது. அந்தி வானம், தங்க வெளிச்சம், வானத்தை முட்டும் கோபுரம், பளிங்குப் படிகள், முன்னால் ஒரு குளம்கூட இருந்தது. "அழகா இருக்குலா!" என்றார் ஒருவர். "அடேயப்பா, படம் ஜோரு!" என்றார் இன்னொருவர். கை தட்டினார்கள். கைப்பேசியில் படம் பிடித்தார்கள். காண்ட்ராக்டர்கூட எழுந்து நின்று பார்த்தார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்தப் படிகள் ஏறிப் போனால் சுவரில் முட்டும். இரட்டைக் கதவுக்குக் கைப்பிடிகள் இரண்டும் ஒரே கதவில். பின்னால் பனி மலை! சிவப்புப் பேனா மட்டும் என் கையில் இருந்திருந்தால். நாற்காலியை விட்டு எழப் போனவளை அண்ணன் முழங்கையைப் பிடித்து அமுக்கினார்.

"சும்மா இரு" என்றார்.

அவர் எழுந்து போய்ப் பெண்டிரைவைக் கொடுத்தார். அவர் படம் விழுந்தது.

கைத்தட்டல் இல்லை. தகரக் கூரையில் மழை மட்டும் கேட்டது. தங்கக் கோபுரத்துக்குப் பிறகு அது சின்னதாக, அமைதியாக இருந்தது. நீலம் பாய்ந்த நிழலில் வெள்ளை முகப்பு, திறந்த கதவுக்குள் மஞ்சள் விளக்கு, முன்னால் செம்மண்ணில் நீண்டு விழுந்த கோயில் நிழல், அந்த நிழலுக்குள் செருப்புப் போட்ட சனங்கள். அவ்வளவுதான். நான் கூட்டத்தின் முகங்களைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. போச்சு என்று நினைத்தேன். அண்ணன் துணிக்குப் பக்கத்தில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அந்த உடுப்பு அவருக்கு எப்படி இருக்கும் என்று வேண்டாத நினைப்பெல்லாம் எனக்கு வந்தது.

பெண்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. அண்ணி எழுந்து துணிக்குக் கிட்டே போனார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவர் நிழல் படத்தின் மேல் விழுந்தது. அதைக் கவனிக்காமல், படத்தில் கோயில் நிழல் விழுந்த செம்மண்ணில் ஓர் இடத்தை விரலால் தொட்டார்.

"இங்கதான நாங்க பாயப் போட்டு உக்காருவோம்?" என்றார். கேட்டது காண்ட்ராக்டரை. "இங்க சிமெண்டு போடுவீங்களா, இல்ல மண்ணாவே விட்டுருவீங்களா? மழ பேஞ்சா பாயி நாசமாப் போயிரும்."

"சிமெண்டு பிளான்ல இல்லியே அக்கா" என்றார் காண்ட்ராக்டர்.

"அப்ப போடுங்க."

"சிமெண்டு போட்டா சூடு ஏறும்" என்றார் பின்னால் ஒரு மாமா. "நிழல் விழுற இடம்தானே, என்ன சூடு?" என்றார் இன்னொருவர். செருப்பை எங்கே கழற்றுவது? வலப் பக்கம் வைத்தால் மழைத்தண்ணீர் குழாய் அங்கேதானே இறங்குது, எல்லாம் நனையுமே. மோட்டார் சைக்கிளை நிழலில் விட்டால் ஆட்கள் எங்கே நிற்பது? கால் கழுவப் பைப்பு எங்கே? குரல்கள் உயர்ந்தன. பாதர் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டுத் தானும் எழுந்து, பாடகர் குழு உட்காரும் சன்னலைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். செருப்புக்காகச் செயலாளரே சண்டை போட்டார்.

படத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது படம் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என் படம் ஒன்றுக்கு முன்னால் யாரும் செருப்புக்குச் சண்டை போட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பொறாமையும் இருந்தது, மறைப்பானேன்.

அண்ணன் செயலாளரின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு, ஒரு தாளை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார். சிமெண்டு. செருப்பு. பைப்பு. எழுதி முடித்து நிமிர்ந்து, சத்தமாக, "வேற? வேற என்ன கொற இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை அண்ணியின் அழைப்பு வந்தது. பின்னால் பஸ் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எங்க அண்ணி போறீங்க?"

"ஈப்போவுக்கு வாரேன்மா. அந்த யூனிபோர்மத் திருப்பிக் கொடுக்கணும்லா."

"என்ன சொல்லிக் கொடுப்பீங்க?"

"அளவு சரியில்லன்னு சொல்வேன்" என்றார் அண்ணி. "அவரு ஒரு நாளும் போட்டுப் பாத்ததில்ல."